நிறுத்திய நேரங்கள்

அந்த விதியை என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் சொல்லாமலேயே விட்டுவிடுவேன்.

காந்தி ரோட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். என்னையும் சேர்த்துப் பதினோரு பெண்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் புடவை விற்கும் ஒரு கம்பெனிக்கு நாங்கள் படங்களைத் திருத்திக் கொடுத்தோம். பின்னால் தெரியும் சுவர், நாற்காலி, புடவையைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் விரல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு வெள்ளைப் பின்னணியில் புடவை மட்டும் நிற்கும்படி செய்ய வேண்டும். ஜரிகை படத்தில் பச்சையடித்துத் தெரியும்; அதைப் பொன்னிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். கரையும் உடலும் சேரும் இடத்தில் வெட்டு கொஞ்சம் பிசகினாலும் படம் திரும்பி வந்துவிடும். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. மற்ற பத்துப் பேரையும் மேற்பார்ப்பது என் வேலை. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து ஒன்பதரைக்குக் கதவைத் திறப்பேன்.

எங்கள் ஒவ்வொருவருடைய கணினித் திரையிலும் மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கும். வேலையைத் தொடங்கும்போது அதை அழுத்தினால் ஓடும். இன்னொரு முறை அழுத்தினால் நிற்கும். யார் எந்தப் படத்தில் எத்தனை நிமிடம் செலவழித்தார்கள் என்பது அதில் பதிவாகும். அந்த நேரங்களைத் தினமும் சாயங்காலம் நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, கம்பெனி பார்க்கும் தரவுத்தளத்தில் கையால் ஏற்றுவேன். ஒரு மணி நேரம் பிடிக்கும். எட்டை மூன்றென்று அடித்துவிட்டு மறுநாள் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மார்கழியில் முதலாளி கூப்பிட்டார். "அவங்க நேரத்தை அப்பப்பவே பாக்கணும்ன்றாங்கம்மா. சாயங்காலம் வரைக்கும் காத்துக்கினு இருக்க மாட்டாங்களாம். இதுக்கு ஏதாவது வழி இருக்குதா பாரு."

நான் படித்தது பி.காம். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் நிரலே எழுதாமல் ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்க வழி இருக்கிறது என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். திரையில் ஒரு பெட்டி: இது நடந்தால். பக்கத்தில் இன்னொரு பெட்டி: அதைச் செய். இரண்டுக்கும் நடுவே சுட்டியால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அவ்வளவுதான். கடிகாரம் நின்றால், தரவுத்தளத்தில் ஒரு புது வரிசை விழும். யார், எந்தப் படம், தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம்.

முதல் நாள் எல்லாமே தப்பாக விழுந்தது. எங்கள் காலை பத்து மணி அங்கே நான்கரை என்று பதிவானது. அது வெளிநாட்டு நேரம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் ஆயிற்று. யாராவது ஒரு பதிவைத் திருத்தினால் அதே வேலை இரண்டு வரிசையாக விழுந்தது. முதலில் பழைய வரிசை இருக்கிறதா என்று தேடு, இருந்தால் அதையே மாற்று, இல்லாவிட்டால் மட்டும் புதிது போடு என்று நடுவில் ஒரு பெட்டி சேர்த்தேன். மூன்றாம் நாள் என் பக்கத்து இருக்கைக்காரியைக் கூப்பிட்டு, "உன் கடிகாரத்தை நிறுத்து" என்றேன். அவள் நிறுத்தினாள். என் திரையில் அவள் பெயரோடு ஒரு வரிசை தானாக வந்து நின்றது. இருவரும் சிரித்தோம்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். அவள் அப்பா கழனி வேலைக்குப் போனவர்; அவர்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் முதல் ஆள் அவள்தான். கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அலுவலகத்தில் அவளுடைய வெட்டுதான் சுத்தம். அவள் செய்த படம் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. என்னை அக்கா என்பாள். மதியச் சாப்பாட்டில் அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பை மற்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்ப்பார்கள். எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்து தனியாக ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வருவாள்.

பங்குனியில்தான் அந்த விதியை எழுதினேன். வேலை சுலபமாகிவிட்டதால் சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கு மிச்சமாயிற்று. பெட்டிகளை இழுத்து இழுத்துப் பார்ப்பதில் ஒரு ருசி வந்திருந்தது. ஒருவர் கடிகாரத்தை நிறுத்தியதற்கும் மறுபடி தொடங்கியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கணக்கிடச் செய்தேன். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தேன். ஒரு நாளில் மொத்த இடைவெளி நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் பெயருக்கு எதிரே சிவப்பு. ஒரே வாரத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் முதலாளிக்கும் கம்பெனிக்கும் தானாக ஒரு மின்னஞ்சல். வைகாசியில் கருட சேவையன்று தெருவெல்லாம் அடைத்துவிடுவார்கள், எல்லோரும் தாமதமாகத்தான் வருவார்கள் என்று யோசித்து, திருவிழா நாட்களை மட்டும் விலக்கிவிடும்படி ஒரு பெட்டி வைத்தேன். அவ்வளவு தூரம் யோசித்தேன். உடம்பு சரியில்லாதவளைப் பற்றி யோசிக்கவில்லை.

முதலாளி பார்த்துவிட்டு, "இதை நீயே பண்ணியா? சென்னையில இதுக்கு ஆளுங்களை வச்சிருக்காங்கம்மா" என்றார். அன்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டே வாரத்தில் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். எழுந்து போகும்போது கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டுப் போனார்கள். டீ குடிக்கும்போதும் ஓடியது, வீட்டுக்குப் போன் பேசும்போதும் ஓடியது. எனக்குத் தெரியும். என்னுடையதும் ஓடியது. சிவப்புகள் குறைந்தன. அட்டவணை பார்க்க அழகாக இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பெயருக்கு எதிரே மட்டும் சிவப்பு விழுந்துகொண்டே இருந்தது. காலையில் வந்து ஒரு படம் முடிப்பாள், நிறுத்துவாள், எழுந்து தாழ்வாரத்துக் கடைசியில் இருக்கும் குளியலறைப் பக்கம் போவாள். கொஞ்ச நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு வருவாள். மறுபடி தொடங்குவாள். சித்திரையில் ஒரே வாரத்தில் இரண்டு சிவப்பு.

"ரெண்டு விழுந்துட்டுது, பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேங்கா."

"எழுந்து போறப்போ எதுக்கு நிறுத்துற? அத்தினி பேரும் ஓட விட்டுட்டுத்தானே போறாங்க."

"வேலை செய்யாத நேரத்தை எப்படிக்கா ஓட விடறது? அப்புறம் செஞ்ச நேரமும் பொய்யாயிடும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என் கடிகாரத்தைச் சொல்லிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். "உன் இஷ்டம்மா" என்று திரும்பிக்கொண்டேன். அடிக்கடி எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. யாரோடோ போனில் பேசப் போகிறாள் என்று மற்ற பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். நான் அதை நம்பினேனா என்றால், நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை.

வைகாசியில், கருட சேவை முடிந்த மறு வாரம், வியாழக்கிழமைக்குள் மூன்றாவது சிவப்பு விழுந்தது. மின்னஞ்சல் தானாகப் போயிற்று. அதில் இருந்த வாசகம் நான் பங்குனியில் எழுதி வைத்தது: இந்தப் பணியாளரின் இடைவெளிகள் வரம்பை மீறிவிட்டன, பரிசீலிக்கவும். வெள்ளிக்கிழமை காலை கம்பெனியிலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. இவருக்குப் பதிலாக வேறு ஆளை வைக்கவும்.

"அது நல்லா வேலை செய்யற பொண்ணாச்சேம்மா" என்றார் முதலாளி. பதிலை இன்னொரு முறை படித்துவிட்டு, "அவங்களே சொன்னப்புறம் நான் இன்னா பண்றது? நீயே சொல்லிடு. பொம்பளைங்களுக்குள்ள சொல்லிக்கினா நல்லாருக்கும்" என்றார். நானும் மறுத்துப் பேசவில்லை.

அவளை மாடிப்படிக்குக் கூட்டிப்போனேன். கீழே கடையில் யாரோ பட்டுப்புடவை எடுக்க வந்து, வேன் நிறையச் சொந்தக்காரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது அவளுக்கு முதலில் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "யாருக்கா சொன்னது? நம்ம சார்தானா?"

"இல்ல. கம்பெனிக்காரங்க."

"அவங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாதே."

"சிஸ்டம் காட்டுது" என்றேன். "சிஸ்டம்ல விழுந்துட்டா நாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து, சாப்பாட்டு டப்பாவையும் நாற்காலியில் போட்டிருந்த சின்ன மெத்தையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மதியம் கூட ஆகவில்லை. அன்று சாயங்காலம் பெயர்ப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவள் கணவர் வந்தார். நான் அதற்கு முன் அவரைப் பார்த்ததில்லை. விரல் நகங்களைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் காய்ந்திருந்தது. கதவுக்கு வெளியிலேயே செருப்பை விட்டுவிட்டு நின்றார்.

"மேடம், தாமல்லேருந்து வரேன். உங்ககூட வேலை செஞ்சுக்கினு இருந்துச்சே, அது வூட்டுக்காரரு."

"உள்ள வாங்க. அவ எப்படி இருக்கா?"

அவர் உள்ளே வரவில்லை. "தண்ணி புடிக்கப் போன இடத்துல கீழ வுழுந்துட்டுது. இங்க காட்டினோம். மூளையில கட்டி இருக்குதுன்னு சென்னைக்கு அனுப்பிட்டாங்க. அங்க டாக்டரு, தலைவலி எப்போலேருந்து, ஒரு நாளைக்கு எத்தினி தரம், எவ்ளோ நேரம் இருந்துதுன்னு கேக்கறாரு. எனக்குத் தெரியல. எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. அதுக்கும் கோவையா சொல்ல வரல இப்போ. ஆனா ஆபீஸ்ல போய் கேளுன்னுச்சு."

"ஆபீஸ்லயா?"

"வலி வந்தாலோ வாந்தி வந்தாலோதான் எழுந்து போவேன், போறப்போ நிறுத்திட்டுத்தான் போவேன், அக்காகிட்ட அத்தினியும் இருக்குதுன்னு சொல்லிச்சு."

நான் போய் என் கணினியில் உட்கார்ந்தேன். தரவுத்தளத்தில் அவள் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியலிலிருந்து எடுத்திருந்தேனே தவிர, வரிசைகள் எதுவும் அழியவில்லை. இடைவெளிகளை மட்டும் தேதிவாரியாக வரச் செய்தேன்.

மாசி இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து ஐம்பதுக்கு நான்கு நிமிடம். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் சாப்பாட்டுக்குத் தவிர எழுந்தே போனதில்லை. அதன் பிறகு ஐந்து நாள் இல்லை. பிறகு ஆறு நிமிடம். பங்குனியில் தினமும் காலையில் ஒரு முறை. சித்திரையில் நான்கைந்து முறை, பத்துப் பத்து நிமிடம். வைகாசியில் ஏழு, எட்டு. கடைசி வாரத்தில் ஒன்று பத்தொன்பது நிமிடம். அந்தப் பத்தொன்பது நிமிடமும் அவள் அந்தக் குளியலறையில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதி வரிசைகள் சிவப்பாக இருந்தன. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

அச்செடுத்துக் கொடுத்தேன். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாக்டரு கேட்டா நான் சொல்லணுமே. தமிழ்ல எழுதித் தரீங்களா?" என்றார். ஓரத்தில் பேனாவால் எழுதினேன். முதல் வலி, மாசி. தினமும் ஆனது, பங்குனி. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அன்றே அந்த விதியை அழித்தேன். ஒரு பெட்டியைச் சொடுக்கி, அழி என்றால் அழிந்துவிடும். சிவப்பெல்லாம் மறைந்து அட்டவணை வெறும் நேரங்களாக நின்றது. மறுநாள் கம்பெனியிலிருந்து கேட்டுவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அந்தச் சிவப்பெல்லாம் எங்க போச்சு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "பாவம்தான். ஆனா அவங்க அதைக் கேக்கறாங்களேம்மா. திரும்பிப் போட்டுடு" என்றார்.

"என்னால முடியாது சார்."

"வேலையை விட்டுடுவியா?"

நான் விடவில்லை. அன்று அவரே என் இடத்தில் உட்கார்ந்து, அதே வீடியோக்களைப் பார்த்து, பெட்டிகளை இழுத்துக் கோடு போட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதானே அதன் சௌகரியம். நான் பின்னால் நின்று பார்த்தேன். ஓரிடத்தில் அவர் தடுமாறியபோது, எந்தப் பெட்டி என்று நான்தான் காட்டினேன்.

அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆடி கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமலுக்குப் போனேன். ஏரிக்கரையிலிருந்து உள்ளே நடந்து போகிற தூரம்தான். வாசலை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றும் அவள் தலையைத் திருப்பவில்லை. "நான்தாம்மா" என்றதும் கையை நீட்டினாள்.

"வா அக்கா. எடது கண்ணு போயிட்டுது. வலது கண்ணுல பொகை மாதிரி தெரியுது. நீ நிக்கறது தெரியுது, மூஞ்சி தெரியல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் விசாரித்தாள். தன் இடத்துக்கு யார் வந்திருக்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டாள்.

"பரவால்ல. உன்ன மாதிரி வராது."

"கரைகிட்ட மட்டும் பொறுமையா வெட்டச் சொல்லு. மத்ததெல்லாம் தானா வந்துடும்." பிறகு, "அந்தப் பேப்பரை டாக்டரு ரெண்டு தரம் படிச்சாராம். இவ்ளோ சரியா எழுதி யாரும் எடுத்தாந்தது இல்லன்னாராம்" என்றாள்.

அவள் தலைத்துணியின் முனை அவிழ்ந்திருந்தது; அதைச் செருகிவிட்டேன்.

"ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும்னும் சொன்னாரு" என்றாள் அதே குரலில்.

இரண்டு மாதம் முன்னால் என்றால் சித்திரை. நான் அவளிடம் கடிகாரத்தை ஓடவிடச் சொன்ன வாரம். அந்த விதியை எழுதியது நான்தான் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வாயெடுத்தேன். அதற்குள் அவள் கணவர் டீ கொண்டுவந்தார். டீயைக் குடித்தேன். பிறகு பஸ் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

ஐப்பசியில் கட்டி மறுபடி வந்தது. பதினெட்டு நாள் படுத்திருந்தாள்.

அடக்கத்தன்று விடியற்காலையிலிருந்து மழை. மாதா கோயில் கல்லறையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் பக்கெட்டால் இறைத்தார்கள். அலுவலகத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் போனோம். எல்லாம் முடிந்து மற்ற மூவரும் ஆட்டோவில் கிளம்பிவிட்டார்கள். நான் அவள் வீட்டு வாசலில் நின்றேன். ஷாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் வாடகை நாற்காலிகளை ஈரத்தைத் துடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நானும் இரண்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அவளை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி வந்ததே, அதுக்குக் காரணமான அந்தச் சிவப்புக் கணக்கைப் போட்டது நான்தான். யாரும் சொல்லல. நானா போட்டேன்."

"தெரியும்மா" என்றார்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"அந்த மெயிலு அவ போனுக்கும் வந்துது. கீழ, இதை உண்டாக்கினவங்கன்னு உங்க பேரு போட்டிருந்துதாம். அன்னிக்கே பாத்துட்டா. படியில நீங்க வந்து சொல்றதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும்."

மின்னஞ்சல் போகும் பெட்டியில், யார் பெயரில் சிவப்பு விழுகிறதோ அவருடைய முகவரியையும் நான்தான் சேர்த்திருந்தேன். சேர்த்ததை மறந்துபோயிருந்தேன். அடியில் என் பெயர் வரும் என்பது எனக்குத் தெரியாது.

"என்மேல கோவமா இருந்தாளா?"

அவர் துணியைப் பிழிந்தார்.

"இருந்துது" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். கணக்கு போட்டதுக்கு இல்ல. அக்கா ஒரு வார்த்தை ஏன்னு கேக்கலையேன்னு. கடைசி வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்துச்சு."

பிறகு என் கையிலிருந்த நாற்காலிகளை வாங்கி அடுக்கின் மேல் வைத்தார். தெருவில் டெம்போ வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, எத்தனை நாற்காலி என்று கேட்டார். அவர் எண்ணத் தொடங்கினார். நான் மழையில் நின்றுகொண்டு, மீதி இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.